பிளஷர் கார்களின் கிரயம்

ஆனி மாதம் பிறந்ததும் ஆரியங்காவுக் கணவாய் வழியே நுழைகின்ற மேல்காற்று, மலைக்கு அப்பால் கொட்டித் தீர்த்த மழையின் மிச்சத்தைச் சாரலாகத் தூவிக்கொண்டு செங்கோட்டையையும் இலஞ்சியையும் தென்காசியையும் தடவிச் செல்லும் அந்த இரண்டு மூன்று மாதங்களில், தென்காசியிலிருந்து குற்றாலத்துக்குப் போகும் சாலையின் ஓரத்தில் சற்று நேரம் நின்று வாகனங்களைப் பார்ப்பது ஒரு சுகம். ஐந்து கிலோமீட்டர் தூரமே உள்ள அந்தச் சாலையில், ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு ஊர்கின்ற நூற்றுக்கணக்கான புதுக் கார்களுக்கு நடுவே, எப்போதாவது ஒரு வெள்ளை அம்பாசடரோ, பளபளவென்று துடைத்து வைத்த பத்மினியோ, மிக அபூர்வமாக ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டோ வந்துவிட்டால், பேரருவியை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும் கூட்டம் ஒரு கணம் அருவியை மறந்துவிட்டு அதைத் திரும்பிப் பார்க்கிறது. வண்டி நிற்கும் இடத்தில் இளைஞன் ஒருவன் தயங்கித் தயங்கி அருகில் வந்து, "அண்ணாச்சி, வண்டியக் குடுக்கியளா?" என்று கேட்கிறான். "இல்ல தம்பி, அப்பா ஓட்டுன வண்டி" என்று பதில் வருகிறது. அந்தக் கேள்விக்கும் இந்தப் பதிலுக்கும் பின்னால் ஏறத்தாழ நூறு ஆண்டுச் சரித்திரம் இருக்கிறது. அதைச் சற்று விரிவாகச் சொல்லிப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

பொருள் பழகப் பழகக் கிரயம் குறையும் என்பது வியாபாரத்தின் பொது விதி. நிலமும் பொன்னும் இதற்கு விலக்கு, இயந்திரங்கள் விலக்கல்ல. கடையை விட்டு வெளியே வந்த அன்றே புதுக் காரின் விலையில் ஒரு பங்கு கரைந்துவிடுகிறது என்பதைக் கார் வாங்கிய ஒவ்வொருவரும் அறிவார்கள். ஆயினும் நம் தேசத்தில் இந்த விதி இரண்டு விதமாகத் தலைகீழாயிற்று. முதலில் புதுக் கார் கிடைக்காத காரணத்தால் பழைய காருக்கு விலை ஏறியது. பின்னர், நம் காலத்தில், புதுக் கார் எங்கும் மலிந்து கிடக்கும்போதே பழைய காருக்கு விலை ஏறுகிறது. முன்னதற்குப் பஞ்சம் காரணம், பின்னதற்கு அபிமானம் காரணம். இரண்டையும் ஒரே தராசில் நிறுத்துவது தவறு என்பது என் துணிபு.

மோட்டார் வருவதற்கு முன் குற்றாலத்துக்குச் சீசனுக்கு வந்த பெரிய மனிதர்கள் வில்வண்டியிலும் கூண்டு வண்டியிலும் வந்தார்கள். 1904-ஆம் ஆண்டில் மலையைக் குடைந்து கொல்லத்துக்கும் செங்கோட்டைக்கும் இடையே இருப்புப்பாதை திறக்கப்பட்ட பிறகு, இரயிலில் வந்து இறங்கி அருவிக்கு வண்டி பிடிப்பது வழக்கமாயிற்று. சென்னைப் பட்டணத்துத் தெருக்களில் 1901-இல் முதல் மோட்டார் ஓடியது என்பார்கள். அதற்குப் பின் பத்து இருபது ஆண்டுகளுக்குள் தென்பாண்டிச் சீமையின் ஜமீன் அரண்மனைகளில் ஒவ்வொன்றாகக் கார் கொட்டகைகள் எழுந்தன. திருவிதாங்கூர் மகாராஜாக்களுக்குக் குற்றாலத்தில் ஓர் அரண்மனை இருந்தது. அது இன்றும் கேரள அரசின் உடைமையாகவே இருக்கிறது. செங்கோட்டையோ 1956 நவம்பர் 1 வரையில் மலைக்கு அப்புறத்து இராஜ்யத்தைச் சேர்ந்த ஊராகவே இருந்தது. ஆகவே திருவனந்தபுரத்திலிருந்து ஆரியங்காவு மலைப்பாதையில் ஏறி, புளியரையின் எஸ் வளைவில் இறங்கி வந்த அரச குடும்பத்துக் கார்களும், கிழக்கே பாளையங்கோட்டைப் பக்கமிருந்து வந்த வக்கீல்கள், மிராசுதார்களின் கார்களும் சந்தித்துக்கொண்ட இடம் குற்றாலம் என்று சொன்னால் அது மிகையாகாது. இலக்கிய ரசிகர் டி.கே.சி. குற்றாலத்தில் குடியிருந்து கம்பனைச் சுவைத்துக்கொண்டிருந்த காலத்தில் அவரைத் தேடி ராஜாஜியும் கல்கியும் வந்தார்கள். அந்த நாட்களில் ஒரு கார் வீட்டு வாசலில் வந்து நிற்பது தெருவுக்கே ஒரு விசேஷம்.

பஸ்ஸும் லாரியும் அல்லாத காரைக் கிராமத்து ஜனங்கள் 'பிளஷர்' என்றார்கள். பிளஷர் வைத்திருப்பவர் என்றால் அந்தஸ்து உள்ளவர் என்று பொருள். இந்த வட்டாரத்து மோட்டார் தொழிலின் மூலபுருஷர் ஒருவரும் நெல்லைச் சீமையிலேயே பிறந்தார். திருக்குறுங்குடியைச் சேர்ந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911-இல் தொடங்கிய நிறுவனம், மதுரையை மையமாகக் கொண்டு பஸ் ஓட்டுவதில் ஆரம்பித்துக் கார் விற்பதிலும் அதைப் பழுது பார்ப்பதிலும் தென்னாடு முழுவதும் பேர் பெற்றது. 1928-இல் ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாயில் கார்களைப் பூட்டி விற்கத் தொடங்கிய பிறகு செவர்லேயும் பியூக்கும் நம் ஊர்ப் பெரிய வீடுகளுக்கு எளிதாக வந்து சேர்ந்தன. அக்காலத்தில் பழைய கார் என்பதற்குத் தனி மதிப்பு ஒன்றும் கிடையாது. ஜமீன்தார் புதுக் கார் வாங்கினால் பழையது மானேஜருக்குப் போகும். மானேஜரிடமிருந்து வாடகைக் கார்க்காரருக்குப் போகும். ஒவ்வொரு படியிலும் விலை பாதியாகும்.

இந்த ஒழுங்கை முதலில் குலைத்தது இரண்டாம் உலக யுத்தம். பெட்ரோல் ரேஷனுக்குப் போயிற்று. மலேயா ஜப்பானியர் வசமானதும் ரப்பருக்குத் தட்டுப்பாடு வந்தது; பின்னால் கரியடுப்பைக் கட்டிக்கொண்டு அதன் வாயுவில் பஸ்கள் மூச்சு வாங்கி ஓடின. வீட்டுக் கார்களைச் செங்கல்மேல் தூக்கி நிறுத்திவிட்டுச் சக்கரங்களைக் கழற்றிப் பத்திரப்படுத்தினார்கள். சீமையிலிருந்து புதுக் கார் வருவது நின்றுபோனதால் ஓடுகின்ற பழைய காருக்கு முன்னெப்போதும் இல்லாத கிராக்கி உண்டாயிற்று. பழைய வண்டிக்கும் நல்ல விலை உண்டு என்று நம்மவர்கள் கண்டுகொண்டது அப்போதுதான்.

ஆனால் யுத்தம் முடிந்து சில ஆண்டுகளில் காற்று மாறி அடித்தது. 1948-ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்ததும் அரண்மனைகளின் வருமானம் சுருங்கிற்று; எட்டு சிலிண்டர் எஞ்சினுக்குப் பெட்ரோல் ஊற்றவும், டிரைவருக்கும் கிளீனருக்கும் சம்பளம் கொடுக்கவும் வகையில்லாமல் போயிற்று. மாளிகை போன்ற அமெரிக்கக் கார்கள் வந்த விலைக்குக் கைமாறின. சில வாடகை வண்டிகளாகி, ஏழு பேர் உட்கார வேண்டிய இடத்தில் பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு திருவிழாக்களுக்கு ஓடின. சிலவற்றின் பின்பாதியை அறுத்துச் சரக்கு வண்டியாக்கினார்கள். மீதி காயலான் கடைக்குப் போயின. இன்று உலகத்துச் சேகரிப்பாளர்கள் தேடி அலையும் எத்தனை வண்டிகள் அவ்வாறு மறைந்தன என்று நினைக்கும்போது மனம் வருந்தாமல் இருக்க முடியவில்லை. அவற்றை விற்றவர்கள்மீது குற்றம் காண்பதற்கில்லை. வறுமையில் விற்றவனுக்கு வருங்காலத்துக் கிரயத்தைப் பற்றி யார் சொல்லியிருக்க முடியும்?

சுதந்திர இந்தியாவின் மோட்டார்க் கொள்கை 1953-இல் ஓர் உருவத்துக்கு வந்தது. வெறுமனே பாகங்களை வரவழைத்துப் பூட்டி விற்கும் கம்பெனிகளுக்கு இனி இடமில்லை, இங்கேயே உற்பத்தி செய்ய முன்வருபவர்களே இருக்கலாம் என்று சுங்கவரிக் கமிஷனின் யோசனையின்பேரில் அரசு தீர்மானித்ததும், ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கடையைக் கட்டிக்கொண்டு போயின. மிஞ்சியவை மூன்று: கல்கத்தாவுக்கு அருகே உத்தரபாராவில் அம்பாசடர் செய்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் ஃபியட் (பின்னாளில் அதுவே பத்மினி) செய்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், சென்னைக்கு வெளியே வண்டலூரில் ஹெரால்டு செய்த ஸ்டாண்டர்டு மோட்டார். ஐம்பது கோடி மக்களைக் கொண்ட தேசத்துக்கு மூன்றே கார்கள். அவற்றையும் எத்தனை செய்யலாம் என்பதற்கு லைசென்ஸ். யாருக்கு முதலில் கொடுப்பது என்பதற்குக் கோட்டா. பணத்தைக் கட்டிவிட்டு வருஷக் கணக்கில் காத்திருப்பதுதான் கார் வாங்குவது என்றாயிற்று.

ஃபியட்டுக்காகக் காத்திருந்தவர்களின் பொறுமையை இந்தத் தலைமுறையினர் கற்பனை செய்வதுகூடக் கடினம். மகன் கல்லூரியில் சேர்ந்த ஆண்டில் பணம் கட்டிய தகப்பனாருக்கு, அவன் கல்யாணத்துக்கு வண்டி வந்து சேர்ந்தால் அது பாக்கியம். 1969-இல் அரசே காரின் விலையை நிர்ணயித்தது; கம்பெனிகள் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை சென்றன. அந்நாளில் புதுக் காரின் விலை சுமார் 15,000 ரூபாய். ஆனால் அந்த விலை காகிதத்தில் இருந்த விலை. அன்றே வேண்டும் என்பவன், இரண்டு வருஷம் ஓடிய ஃபியட்டுக்குப் புதுக் காரின் விலைக்கும் மேலே பிரீமியம் வைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. இவ்வாறு நடக்கும் என்று முன்பே ஊகித்த அரசு, புதுக் காரை வாங்கியவர் இரண்டாண்டுக் காலம் அனுமதியின்றி விற்கக் கூடாது என்று 1959-ஆம் ஆண்டின் கட்டுப்பாட்டு உத்தரவில் விதி செய்து வைத்திருந்தது. விதி இருந்தாலும், வண்டி ஒருவர் பெயரிலும் அனுபவம் வேறொருவர் கையிலுமாகப் பல கார்கள் ஓடின. தூதரகத்து அந்நியர்கள் விட்டுச் சென்ற பெரிய கார்களை அரசின் வர்த்தகக் கழகம் ஏலம் விட்டபோது, சினிமா நட்சத்திரங்களும் செல்வந்தர்களும் போட்டியிட்டு எடுத்தார்கள். அதுவும் இந்தப் பஞ்சத்தின் மற்றொரு முகமே. இந்த ஏற்றத்தில் காருக்குப் பெருமை ஒன்றும் இல்லை. கிடைக்காத அரிசிக்கு விலை ஏறினால் அது அரிசியின் ருசிக்குச் சான்றாகாது.

அந்த மூன்று கார்களில் ஹெரால்டைப் பற்றிச் சற்று நின்று பேச ஆசைப்படுகிறேன். ஏனென்றால் பந்தயக் கார்களின் உறவு என்று சொல்லிக்கொள்ளும் தகுதி அந்த எளிய வண்டிக்கே உண்டு. 1959-இல் இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டு என்று வெளிவந்த இதன் உருவத்தை வரைந்தவர் மிக்கெலோத்தி என்ற இத்தாலிய வடிவமைப்பாளர். 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் இதைச் செய்தார்கள். 948 சி.சி. எஞ்சின், தனியான சேஸிஸ், நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனியே அசையும் சஸ்பென்ஷன். முன்பக்கத்தைத் திறந்தால் பானெட்டோடு இரண்டு மட்கார்டுகளும் சேர்ந்து முன்னோக்கிக் கவிழ்ந்துகொள்ள, மெக்கானிக் சக்கரத்தின்மேல் உட்கார்ந்து வேலை பார்க்கலாம். இருபத்தைந்தடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். தென்காசி இரதவீதியில் மாட்டு வண்டிகளுக்கிடையே திருப்புவதற்கு இதைவிடச் சௌகரியமான கார் அக்காலத்தில் இருந்ததில்லை. இந்த ஹெரால்டின் சேஸிஸைக் குறுக்கி, அதன்மேல் இரண்டு பேர் உட்காரும் திறந்த உடலைப் பொருத்தி, அதே மிக்கெலோத்தியின் கைவண்ணத்தில் 1962-இல் டிரையம்ஃப் செய்த வண்டிதான் ஸ்பிட்ஃபயர் என்ற பெயரில் உலகப் பிரசித்தி பெற்ற ஸ்போர்ட்ஸ் கார். நமக்கு ஸ்பிட்ஃபயர் கிடைக்கவில்லை. அதன் மூத்த சகோதரன் கிடைத்தான்.

யுத்த காலத்து விமானத் தளமாயிருந்த சோழவரத்தில், 1953-இல் தோன்றிய சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்களில், சீமையிலிருந்து வந்த எம்.ஜி., ஜாகுவார் போன்றவற்றோடு, உள்நாட்டு வண்டிகளையும் எடை குறைத்து, கார்புரேட்டர் மாற்றி ஓட்டினார்கள். அந்தப் பந்தயங்களின் செய்தியைப் பத்திரிகையில் படித்த தெற்கத்திப் பையன்களுக்குத் தங்கள் தெரு டாக்டர் வீட்டு ஹெரால்டே பந்தயக் குதிரையாகத் தெரிந்ததில் வியப்பில்லை. பின்னர் நம் தேவைக்காக இந்தியாவில் மட்டும் ஹெரால்டுக்கு நான்கு கதவுகள் வைத்தார்கள். 1972-இல் பின் அச்சை மாற்றிக் கெசல் என்று பெயரிட்டார்கள். குடும்பஸ்தர்களுக்கு அது நன்மை. அபிமானிகள் இன்றும் இரண்டு கதவு ஹெரால்டையே முதலில் கேட்கிறார்கள்.

பழைய கார் கிரயம் பேசுவது ஒரு கலை. மேலப்பாளையம் சந்தையில் மாடு பிடிக்கப் போகிறவர் பல்லைப் பார்த்து, சுழியைப் பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்து, கடைசியில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிறாரே, அந்த மரபு அப்படியே காருக்கும் வந்திருக்கிறது. கொட்டகையில் நிற்கும் ஹெரால்டிடம் தரகர் அழைத்துப் போகிறார். வந்தவர் விவரம் தெரிந்தவரானால் பெயிண்டின் பளபளப்பில் கண்ணைப் பறிகொடுக்க மாட்டார். மெல்லிய துணி சுற்றிய காந்தக் கட்டியைக் கதவின் அடிப்பாகத்திலும் மட்கார்டின் வளைவிலும் ஒட்டிப் பார்ப்பார். ஒட்டாமல் நழுவினால் அங்கே தகடு இல்லை, பட்டி இருக்கிறது. பிறகு கால்விரிப்பை எடுத்துவிட்டுத் தரையைக் கைவிரலால் தட்டுவார். சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளை அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்ப்பார். ஹெரால்டின் உயிர்நிலை அங்கேதான் இருக்கிறது; அந்தக் கைகளைத் துரு தின்றுவிட்டால் கதவுகள் தாழும், பானெட்டின் விளிம்பு கோடு தவறும், எவ்வளவு டிங்கரிங் செய்தாலும் வண்டி நேராகாது.

குற்றாலத்துச் சாரல் மனிதனுக்கு அமிர்தம், இரும்புக்கு விஷம். ஆடியில் நனைந்து, ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழையிலும் நனைந்து, ஈரம் காயாத மலையடிவாரக் கொட்டகையில் நின்ற வண்டியைவிடக் கோவில்பட்டிக் கரிசலில் வெயில் குடித்த வண்டிக்கு விவரமறிந்தவர் கூடுதலாகக் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. அதன் பிறகு எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யச் சொல்வார்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் அதுவே சந்தேகத்துக்கு இடம். நீலப் புகை வந்தால் ரிங் தேய்ந்திருக்கிறது. கடைசியில்தான் ஆர்.சி. புத்தகம். அதிலுள்ள சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் அடித்திருக்கும் எண்ணோடு ஒத்திருக்கிறதா, பெயர் எத்தனை முறை மாறியிருக்கிறது, வரி பாக்கி உண்டா, எஃப்.சி. எதுவரை என்று வரிசையாகப் பார்ப்பார்கள். ஒரே ஓனர் வண்டி, ஒரிஜினல் மீட்டர், ஒரிஜினல் ஸ்டியரிங் என்றால் தரகரின் குரலிலேயே ஒரு கம்பீரம் வந்துவிடும். எண் ஒவ்வாத வண்டி எவ்வளவு அழகாயிருந்தாலும் அதைத் தொடாமல் திரும்புவதே புத்திசாலித்தனம்.

இத்தகைய பரீட்சைகளுக்கெல்லாம் அவசியமே இல்லாத ஒரு காலமும் நடுவில் வந்து போயிற்று. 1983 டிசம்பரில் மாருதி 800 சாலைக்கு வந்தது. ஐம்பதாயிரம் ரூபாய் அளவில், எடை குறைந்ததாய், ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினால் ஓடுவதாய் ஒரு கார் வந்தவுடன், காலையில் சோக்கை இழுத்துக் காத்திருக்க வேண்டிய பழைய வண்டிகளின் மதிப்பு சரிந்தது. ஸ்டாண்டர்டு கம்பெனி 1985-இல் கொண்டுவந்த 'ஸ்டாண்டர்டு 2000' என்ற பெரிய கார் எடுபடவில்லை. சில ஆண்டுகளில் தொழிற்சாலையே நின்றுபோயிற்று. தாய்க் கம்பெனி போன பிறகு ஹெரால்டுக்கு ஸ்பேர் கிடைப்பது குதிரைக் கொம்பாயிற்று. 1991-க்குப் பிறகு அந்நியக் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வரவே, பத்மினியும் அம்பாசடரும் வாடகை ஸ்டாண்டுக்குத் தள்ளப்பட்டன. பத்மினியின் உற்பத்தி 2000-ஐ ஒட்டி முடிந்தது; அம்பாசடர் 2014 மே மாதத்தோடு நின்றது. நெடுங்காலம் காத்திருந்து, பிரீமியம் கொடுத்து வாங்கிய கார்களைப் பழைய இரும்பின் எடைக்குக் கொடுத்தவர்கள் இந்த வட்டாரத்தில் அநேகர்.

அதே காலத்தில் மேல்நாடுகளில் வேறொரு காரியம் நடந்துகொண்டிருந்தது. 1962 முதல் 1964 வரை மொத்தம் 36 மட்டுமே செய்யப்பட்ட ஃபெராரி 250 ஜி.டி.ஓ. என்ற பந்தயக் கார், புதிதில் இருபதாயிரம் டாலருக்கும் குறைவான விலையுடையது. 2018-இல் கலிபோர்னியாவில் நடந்த ஓர் ஏலத்தில் அவற்றில் ஒன்று நான்கு கோடியே எண்பத்துநான்கு லட்சம் டாலருக்குப் போயிற்று. 2022-இல் மெர்சிடிஸ் நிறுவனம் தன் காட்சிசாலையிலிருந்த 1955-ஆம் ஆண்டின் 300 எஸ்.எல்.ஆர். கூபே ஒன்றைப் பதின்மூன்றரைக் கோடி யூரோவுக்கு விற்றது. அந்த வகையில் செய்யப்பட்டவை இரண்டே. இவை கோடீசுவரர்களின் உலகத்துச் செய்திகள். ஆனால் அங்கே அதைவிட முக்கியமான வேறொன்றும் நடந்தது. ஸ்பிட்ஃபயரும் ஹெரால்டும் போன்ற சாதாரண வண்டிகளுக்கு ஊருக்கு ஊர் சங்கம் அமைத்து, நின்றுபோன பாகங்களைப் புதிதாகச் செய்யவைத்து, அவற்றை ஓடும் நிலையிலேயே காத்தவர்கள் சம்பளக்காரர்கள், ஆசிரியர்கள், மெக்கானிக்குகள். நம் ஊர் ஹெரால்டுகள் பல இன்று உயிரோடிருப்பதற்கு, அந்தச் சங்கங்களின் முயற்சியால் இங்கிலாந்தில் இன்னும் கிடைக்கும் டிரையம்ஃப் ஸ்பேர்களும் ஒரு காரணம்.

நம் நாட்டில் இந்த உணர்ச்சி மெதுவாகத்தான் வேர் விட்டது. டில்லியில் 1964 முதல் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை பழங்கார் ஊர்வலம் நடத்திவந்தது. ஆனால் அது மகாராஜாக்களின் விளையாட்டு என்றே தெற்கில் நினைத்திருந்தோம். கோயம்புத்தூரில் 2015-இல் ஜி.டி. நாயுடுவின் பரம்பரையினர் திறந்த ஜீடி கார் காட்சிசாலையும், சென்னையில் 2023-இல் திறக்கப்பட்ட ஏ.வி.எம். பாரம்பரியக் காட்சிசாலையும், பழைய கார் என்பது பாதுகாக்கத்தக்க கலைப்பொருள் என்பதைச் சாமானிய ஜனங்களுக்கும் கண்ணால் காட்டின. இதற்குள் பத்மினியில் பள்ளிக்கூடம் போன குழந்தைகள் வளர்ந்து, நல்ல சம்பளம் வாங்கி, தாங்கள் இழந்ததைத் திரும்பத் தேடும் வயதுக்கு வந்திருந்தார்கள். ஒரு தலைமுறைக்கு முன் எடைக்குப் போன ஹெரால்டு, செம்மையாகப் பராமரித்திருந்தால், இன்று சில லட்ச ரூபாய்க்குக் கைமாறுகிறது. கார்கள் மட்டுமல்ல. 1985 முதல் 1996 வரை உற்பத்தியான யமஹா ஆர்.எக்ஸ். 100 மோட்டார் சைக்கிளுக்குக் கடையநல்லூரிலும் சுரண்டையிலும் இருக்கும் மோகத்தைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். 'ஜப்பான் எஞ்சின்' உள்ள ஆரம்ப கால வண்டியானால் லட்ச ரூபாயைத் தாண்டிக் கேட்கிறார்கள். அதை வாங்கும் இளைஞர்களில் பெரும்பாலோர் அது உற்பத்தியில் இருந்தபோது பிறக்கவே இல்லை.

கிரயத்துக்கு அப்பாற்பட்ட ஒரு காரைப் பற்றியும் இங்கே சொல்லவேண்டும். திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா 1950-களின் நடுவில் ஒரு மெர்சிடிஸ் பென்ஸ் 180 வாங்கினார். அதன் விலை 12,000 ரூபாய் என்றும், லட்சக்கணக்கான மைல்கள் அதில் பிரயாணம் செய்தார் என்றும், இரண்டு புதுக் கார்களைத் தருகிறோம் என்று பென்ஸ் கம்பெனியாரே கேட்டும் அவர் கொடுக்க மறுத்துவிட்டார் என்றும் பத்திரிகைகள் எழுதின. 2013-இல் அவர் காலமான பிறகும் அந்த வண்டியை விலைக்கு விடவில்லை. அவருடைய விருப்பப்படி தொழிலதிபர் யூசுஃப் அலிக்கு அன்பளிப்பாகக் கொடுப்பது என்று குடும்பத்தார் தீர்மானித்தனர். குற்றாலத்து வாசலில் "அப்பா ஓட்டுன வண்டி" என்று சொல்லும் மனிதருக்கும் அந்த அரச குடும்பத்துக்கும் இந்த ஒரு விஷயத்தில் வேற்றுமை இல்லை. சந்தையில் உள்ள வண்டிகளுக்கு விலை ஏறுவதற்கு, விற்க மறுக்கும் இப்படிப்பட்டவர்களும் ஒரு காரணம் என்பது பொருளாதாரம் படித்தவர்களுக்குத் தெரியும்.

சீசன் காலத்தில் மலைக்கு அப்புறமிருந்து வரும் மலையாளத்து அபிமானிகள் இந்தப் பக்கத்து வண்டிகளை விரும்பி விசாரிக்கிறார்கள். மாநிலம் விட்டு மாநிலம் போவதானால் இங்கே தடையின்மைச் சான்று வாங்கி, அங்கே வரி கட்டி, எண் மாற்ற வேண்டும். இந்தச் செலவையும் விலையில் கழித்தே பேசுவார்கள். கம்பெனி செய்து கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, எஞ்சின் மாற்றிய, கூரை அறுத்த வண்டிகளின் மதிப்பு குன்றி, ஒரிஜினலின் மதிப்பு மேலும் உயர்ந்தது. 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதியின்படி, முதற்பதிவு செய்து ஐம்பது ஆண்டு கடந்து, மூல உருவம் கெடாமலிருக்கும் வண்டியை வின்டேஜ் என்று தனி எண் வரிசையில் பதிவு செய்துகொள்ளலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம், பத்தாண்டுக்குச் செல்லும். அன்றாட உபயோகத்துக்கு ஓட்டக் கூடாது. இது வரவேற்க வேண்டிய ஏற்பாடு. ஆனால் 2022 ஏப்ரல் முதல், பதினைந்து ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தியது அவ்வளவு நியாயமாக எனக்குப் படவில்லை. புகை கக்கும் லாரியையும், மாதத்துக்கு இரண்டு நாள் கோயிலுக்குப் போய்வரும் பத்மினியையும் ஒரே நோக்கோடு பார்ப்பது, செல்வந்தச் சேகரிப்பாளரைத் தொடாமல், தகப்பனார் ஞாபகமாக ஒரே ஒரு வண்டியை வைத்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியரையே வருத்துகிறது.

விலை ஏறுவதில் நன்மையும் உண்டு, ஆபத்தும் உண்டு. விலை இருந்தால்தான் வண்டி காயலான் கடைக்குப் போகாது. ஆனால் விலை ஒன்றையே கருதி வாங்குகிறவர் அதை ஓட்டமாட்டார், மூடி வைப்பார், விலை இறங்கினால் கைவிடுவார். அதைவிடப் பெரிய குறை ஒன்றிருக்கிறது. ஹெரால்டின் பானெட்டைக் கவிழ்த்து, கார்புரேட்டரின் ஜெட்டைக் காதால் கேட்டே திருத்தத் தெரிந்த மெக்கானிக்குகள் செங்கோட்டைச் சாலையிலும் தென்காசி ரயில்வே நிலையத்துப் பக்கத்திலும் இன்னும் சிலர் இருக்கிறார்கள், வயதானவர்கள், அவர்களிடம் வேலை பழக எந்தப் பையனும் வருவதில்லை. வண்டிக்கு லட்சங்கள் கொடுக்கத் தயங்காதவர்கள் அவர்களுடைய கூலியில் நூறு ரூபாய்க்குப் பேரம் பேசுவதைக் காணும்போது எனக்குக் கோபம் வருகிறது. அந்தக் கைகள் ஓய்ந்துவிட்டால் ஹெரால்டுக்கு எத்தனை லட்சம் மதிப்புச் சொன்னாலும் அது ஓடாது.

ஆகவே, தென்காசியிலும் இலஞ்சியிலும் மேலகரத்திலும் பின்கட்டுக் கொட்டகையில் வைக்கோலுக்கும் விறகுக்கும் நடுவே தகப்பனார் காலத்துக் கார் ஒன்றை நிறுத்தி வைத்திருக்கும் வீட்டார்களை நான் கேட்டுக்கொள்வது இது: இரும்புக்காரனை அழைக்கும் முன் ஒரு பழைய மெக்கானிக்கை அழைத்துக் காட்டுங்கள், அவர் கேட்கும் கூலியைக் குறைக்காமல் கொடுங்கள், பெட்டியடியில் கிடக்கும் ஆர்.சி. புத்தகத்தைத் தேடியெடுத்து, பெயர் யாருடையதாக இருக்கிறது என்று பாருங்கள். தகப்பனார் பெயரிலேயே இருந்தால், இறப்புச் சான்றிதழையும் வாரிசுச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய், அதை முதலில் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். விற்பதா வைத்துக்கொள்வதா என்பதை அதன் பிறகு யோசிக்கலாம்.